பம்ப் குழி ரீடிங்

ஜூன் 9, திங்கள்

இந்த டைரி மேகலாவுக்குப் பள்ளிக் கட்டுரைப் போட்டியில் கிடைத்தது. ஐந்து மாதம் அலமாரியில் சும்மா கிடந்தது. "நாள் முழுக்க எழுதுற ஆளு நீங்கதான், இதையும் எழுதுங்கம்மா" என்று நேற்று என்னிடம் தள்ளிவிட்டாள். நான் நாள் முழுக்க எழுதுவது மில் லேப் புத்தகத்தில்: கழிவுநீரின் சூடு எவ்வளவு, புளிப்பு எவ்வளவு, கசடு எவ்வளவு. இருபத்தொரு வருஷமாக அதுதான் வேலை. என் சொந்த விஷயம் என்று எழுத என்ன இருக்கிறது என்று தெரியவில்லை.

இன்று மூன்றாம் குளத்தின் மேல் போர்த்திய கறுப்பு ஷீட் முதன்முறையாக மேலே எழும்பியது. செம்பனைப் பழத்தை வேகவைத்துப் பிழிந்து எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சும் பழுப்புத் தண்ணீர் இத்தனை வருஷமும் திறந்த குளங்களில் கிடந்து அழுகியது. அந்த நாற்றத்தில்தான் நாங்கள் சோறு தின்றோம், பிள்ளை பெற்றோம். இனி அது மூடிய குளத்தில் அழுகும். வருகிற வாயுவைக் குழாயில் பிடித்து எஞ்சினுக்கு விட்டு மின்சாரம் எடுப்பார்கள்.

குளத்தைப் பார்த்துக்கொள்ளும் அமிர்தலிங்கம் கரையில் நின்று வெகுநேரம் பார்த்தார். "செனைமாடு படுத்திருக்க மாதிரி இருக்குக்கா" என்றார். பதினாலு வருஷமாக அந்தக் குளங்களோடு இருப்பவர். அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. களைப்பாக இருந்தது. இப்போதெல்லாம் எதற்கும் களைப்புத்தான்.

ஜூன் 13, வெள்ளி

குழம்பு பாதியில் கேஸ் தீர்ந்துவிட்டது. ரொட்டி வாங்கிச் சாப்பிட்டோம்.

ஜூன் 20, வெள்ளி

எஞ்சின் ஓட ஆரம்பித்தது. மேனேஜர் ரிப்பன் வெட்டினார். நாங்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கும் இந்த மின்சாரமே வரப்போகிறதாம்.

அதற்கு முன் எஞ்சினியர் ஹரிதாஸ் எங்கள் எல்லோரையும் கூப்பிட்டுப் பாதுகாப்பு வகுப்பு நடத்தினார். கோலாலம்பூர்ப் பையன், முப்பத்திரண்டு வயதுதான், நன்றாகப் பேசுவார். குளத்து வாயுவில் கந்தகம் கலந்த விஷவாயு ஒன்று இருக்கிறது, அழுகிய முட்டை மாதிரி வாடை அடிக்கும் என்றார். வாடை அடித்தால் உடனே ரீடிங் கேட்க வேண்டும். பத்துக்குமேல் இருந்தால் யாரும் பக்கத்தில் போகக்கூடாது. வாடை திடீரென்று நின்றுபோனால் வாயு போய்விட்டது என்று நினைக்கக்கூடாது, மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம்.

பம்ப் குழியில் ஒரு மீட்டர் மாட்டியிருக்கிறார்கள். கழிவுநீரைக் குளத்துக்குத் தள்ளும் பம்ப் அந்தக் குழிக்குள்தான் இருக்கிறது. இரண்டு ஆள் ஆழம், இரும்பு ஏணி. மீட்டரின் திரை லேபில் என் மேசைக்கு மேலே. ஆறு, ஏழு, எட்டு என்று காட்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பார்த்து எழுதுவது என் வேலை. குழியில் இறங்குகிறவர் முதலில் வாக்கி டாக்கியில் என்னைக் கேட்க வேண்டும்.

அமிர்தலிங்கம் கையைத் தூக்கி, வாக்கி டாக்கியில் தமிழில் கேட்கலாமா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவருக்கு மலாய் நன்றாக வரும், வேடிக்கைக்குக் கேட்டார்.

ஜூன் 28, சனி

நாற்றம் பாதிக்குமேல் குறைந்துவிட்டது. வசந்தமலர் துணிகளை வெளியே கொடி கட்டிக் காயப்போட்டிருந்தாள். அமிர்தலிங்கத்தின் மனைவி அவள், தோட்டத்துப் பிள்ளைக் கொட்டகையில் ஆயா. எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கிறார்கள். "வெயில் வாசம் வருதுக்கா துணியில" என்று ஒரு சட்டையை என் மூக்கருகே கொண்டுவந்தாள். கல்யாணம் ஆகி வந்ததிலிருந்து வீட்டுக்குள்ளேதான் துணி காயப்போட்டு வந்தாளாம்.

ஜூலை 3, வியாழன்

குழி மீட்டரின் திரை காலையிலிருந்து இருண்டு கிடக்கிறது. தட்டிப் பார்த்தேன். ஹரிதாஸ் வந்து ஒயரைக் கழற்றி மாட்டினார், வரவில்லை. உள்ளே இருக்கும் சென்சர் போய்விட்டதாம். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஆறு வாரம் ஆகும். அதுவரை வழக்கம்போல எழுதச் சொன்னார்.

ஜூலை 4, வெள்ளி

வழக்கம்போல எழுதினேன்.

வீட்டுக்காரர் லாரிக்கு டயர் மாற்றப் போய் இருட்டியபின் வந்தார். ரசமும் பொரித்த மீனும்.

ஜூலை 9, புதன்

அமிர்தலிங்கம் தலைவலி என்று லேபில் வந்து தைலம் கேட்டார். ருபெல் பாய்க்கும் காலையிலிருந்து தலை சுற்றுகிறதாம். பாய் வங்காளதேசத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், ஒன்பது வருஷமாக அமிர்தலிங்கத்தோடு குளத்தில் வேலை. இருவரும் அண்ணன் தம்பி மாதிரி. வெயில் தலைவலியாக இருக்கும் என்று சொல்லித் தைலம் கொடுத்தேன்.

பிறகு ஹரிதாஸிடம் போய் மீட்டரைப் பற்றி மறுபடி கேட்டேன். கதவைச் சாத்திவிட்டுச் சொன்னார். பதினேழாம் தேதி வெளியிலிருந்து ஆய்வுக்காரர்கள் வருகிறார்கள். வாயு காற்றில் கலக்காமல் தடுக்கிறோம் என்று அவர்கள் சான்றிதழ் கொடுத்தால்தான் இந்த பிளான்ட் நிலைக்கும். "பதினேழு வரைக்கும் மட்டும் பொறுத்துக்குங்கக்கா. மீட்டர் இல்லன்னு எங்கயும் பேச்சு வரக்கூடாது." கெஞ்சுகிற மாதிரித்தான் சொன்னார். மிரட்டவில்லை. அதை எழுதி வைக்க வேண்டும், மிரட்டவில்லை.

அமிர்தலிங்கத்திடம் மட்டும் சொல்லலாமா என்று யோசித்தேன். அவர் வாய் சும்மா இருக்காது, சாயங்காலத்துக்குள் லயம் முழுக்கப் பரவிவிடும். எட்டு நாள்தானே.

ஜூலை 15, செவ்வாய்

ஆய்வுக்காக லேபைக் கழுவினோம். திரை இருக்கும் இடத்தில் காலண்டர் ஒன்றை மாட்டச் சொன்னார்கள். மாட்டினேன்.

ஜூலை 17, வியாழன்

பதினொன்றே காலுக்கு அமிர்தலிங்கம் இறந்துவிட்டார்.

ஜூலை 18, வெள்ளி

நடந்ததை எழுத வேண்டும்.

ஆய்வுக்கார விருந்தாளிகள் காலை பத்தரைக்கு வந்தார்கள். இரண்டு பேர். கையில் கொண்டுபோகும் சின்ன மீட்டர் மில்லில் இரண்டுதான் உண்டு, இரண்டையும் அவர்கள் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தார்கள். பதினோரு மணி சுமாருக்குப் பம்பில் நார் அடைத்து நின்றுவிட்டது. பம்ப் நின்றால் குளத்துக்குத் தண்ணீர் போகாது, எஞ்சின் வேகம் இறங்கும். விருந்தாளிகள் இருக்கும்போது எஞ்சின் நிற்கக்கூடாது என்று மேனேஜர் சொன்னாராம். அமிர்தலிங்கமும் ருபெல் பாயும் அடைப்பை எடுக்கப் போனார்கள். அமிர்தலிங்கம் வாக்கி டாக்கியில் என்னைக் கூப்பிட்டார். பதில் சொன்னேன்.

முதலில் பாய் இறங்கி அடியில் விழுந்திருக்கிறார். அதைப் பார்த்து அமிர்தலிங்கம் இறங்கினார். பாயின் இடுப்பில் கயிற்றைக் கட்டி ஏணியில் பாதிவரை தூக்கியிருக்கிறார். சத்தம் கேட்டு ஓடிவந்த ஃபோர்மேன் கயிற்றைப் பிடித்து இழுத்தார். பாய் மேலே வந்தார். அமிர்தலிங்கம் வரவில்லை.

நான் போனபோது புல்லில் கிடத்தியிருந்தார்கள். பூட்ஸ் ஒன்று குழியிலேயே இருந்தது. வசந்தமலர் கொட்டகையிலிருந்து ஓடிவந்தாள், கையில் யாருடைய பிள்ளையோ ஒன்று. அதைக் கீழே விட வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. நான்தான் பிள்ளையை வாங்கினேன்.

இன்று சாயங்காலம் எடுத்தார்கள். மழை. அவர்கள் மகள் கவிநிலாவுக்கு ஒன்பது வயது. பள்ளி உடுப்பிலேயே நின்றாள்.

ஜூலை 20, ஞாயிறு

புதிய சென்சர் வந்துவிட்டது. சிங்கப்பூரில் இருந்ததாம். ஞாயிற்றுக்கிழமை என்றும் பார்க்காமல் ஆட்கள் வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். காலண்டரை எடுத்தேன். திரையில் ஆறு.

ஜூலை 22, செவ்வாய்

வேலையிடப் பாதுகாப்பு அதிகாரி வந்தார். மலாய்ப் பெண், என் வயதுதான் இருக்கும், மிகவும் மரியாதையாகப் பேசினார். லேப் புத்தகத்தைக் கேட்டார், கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார். ஆறு, ஏழு, எட்டு, ஏழு. எல்லாம் என் கையெழுத்து. அழகான கையெழுத்து என்றார்.

சம்பவ நேரத்தில் குழியிலிருந்து யாராவது என்னோடு பேசினார்களா என்று கேட்டார். விருந்தாளிகளோடு இருந்தேன், கவனம் இல்லை என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து மிளகாய் அரைத்தேன். ஒரு மாதத்துக்கு வேண்டியது அரைத்து டப்பாவில் போட்டேன்.

ஜூலை 26, சனி

மேகலாவுக்குக் காய்ச்சல்.

லயத்தில் ஒரு பேச்சு ஓடுகிறது. வாயு அளவு சரியாகத்தான் இருந்ததாம், புத்தகத்தில் இருக்கிறதாம். அப்படியானால் அமிர்தலிங்கம் ஏதோ ஒரு வால்வை மாற்றித் திறந்துவிட்டிருக்க வேண்டும், பாய் சாகப் பார்த்ததும் அதனால்தான். குழாயடியில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் வாளியை நிரப்பாமல் திரும்பிவிட்டேன்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

பதினாறாம் நாள். காலையிலேயே போய்ச் சமையலுக்கு உதவினேன். பூசணிக்காய், வாழைக்காய், பருப்பு. சடங்கு முடிந்து ஆட்கள் போன பிறகு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மலர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். இளைத்துவிட்டாள்.

ருபெல் பாயைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாளாம். இறங்குவதற்கு முன்னால் அமிர்தலிங்கம் வாக்கி டாக்கியில் லேப் அக்காவோடு பேசினார் என்று பாய் சொல்லியிருக்கிறார்.

"கடைசியா உங்ககூடத்தானாமே பேசுனாரு. என்னக்கா சொன்னாரு?"

கையில் சோற்றுச் சட்டி இருந்தது. நான் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் வேறு எதையாவது சொல்லியிருப்பேன். கவிநிலாப் பாப்பாவைப் பற்றிச் சொன்னார் என்றேன். சாயங்காலம் சீக்கிரம் வேலை முடிந்தால் பாப்பாவைச் சந்தைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்றார், அவள் சைக்கிள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள் என்றார் என்று சொன்னேன்.

மலர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு என் ஈரக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கவிநிலா என்னை வழியில் நிறுத்தி, அப்பா என்ன நிறச் சைக்கிள் என்று சொன்னாரா என்று கேட்டாள். நிறம் சொல்லவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

மலர் அதை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறாள். கோயில் குருக்களிடம்கூட. ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் கூடுகிறது. சிரித்துக்கொண்டே சொன்னாராம், நாயகிக்கா நீங்களும் வாங்க என்று என்னையும் கூப்பிட்டாராம்.

சாப்பாடு இறங்கவில்லை. வாயுத்தொல்லை என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

ருபெல் பாயை ஊருக்கு அனுப்புகிறார்கள். ஏஜென்ட்டின் வேன் வெளியே நின்றது. பாய் லேபுக்கு வந்தார். நடக்கும்போது ஒரு கால் இழுக்கிறது, விரல்கள் நடுங்குகின்றன. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. எங்கள் தமிழைக் குளத்தங்கரையில் அமிர்தலிங்கத்திடம் கற்றவர்.

"அவன் என்னை மேல தள்ளினான் அக்கா. தோள் கொடுத்துத் தள்ளினான். அவன் முதல்ல ஏறியிருக்கலாம்."

கொஞ்ச நேரம் என் மேசைக்கு மேலே இருந்த திரையைப் பார்த்தார். நீங்கள் பேசியதை நானும் கேட்டேன் அக்கா, வாக்கி டாக்கி அவன் இடுப்பில்தான் இருந்தது என்றார். அவ்வளவுதான். அதிகாரி ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டபோது தனக்குப் பேச்சே வரவில்லையாம், அப்புறம் யாரும் வந்து கேட்கவில்லையாம். வேன்காரன் ஹார்ன் அடித்தான். சலாம் சொல்லிவிட்டுப் போனார். என்னைத் திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 20, புதன்

மில்லின் உள்விசாரணை முடிவை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். குழியின் வாயு அளவு பதிவுப் புத்தகத்தின்படி வரம்புக்குள் இருந்தது. தொழிலாளி அனுமதிச் சீட்டு இல்லாமலும் அளவைக் கேட்டு உறுதிசெய்யாமலும் இறங்கினார். கவனக்குறைவே காரணம்.

அளவைக் கேட்டு உறுதிசெய்யாமலும். அந்த வரியை நின்று மூன்று தடவை படித்தேன்.

மலர் அதற்கு முன்னால் வந்து படித்துவிட்டுப் போயிருக்கிறாள். கொட்டகையில் இப்போது சிலர் பிள்ளைகளை அவளிடம் விடத் தயங்குகிறார்களாம், புருஷன் மாதிரிக் கவனமில்லாமல் இருப்பாளோ என்று. மனிதர்கள் இப்படியும் பேசுவார்களா என்று இருக்கிறது. பேசுகிறார்கள்.

ஆகஸ்ட் 21, வியாழன்

ஹரிதாஸைப் பார்க்கப் போனேன். பலகையில் இருப்பது பொய் என்று சொன்னேன். அவர் கண்கள் சிவந்திருந்தன, அவரும் தூங்குவதில்லை போலிருக்கிறது. கதவைச் சாத்தவில்லை இந்தமுறை.

"புத்தகத்தில இருக்கிறது யாரோட எழுத்துக்கா?" என்றார்.

அது மிரட்டல் இல்லை. உண்மையைத்தான் கேட்டார். எழுதச் சொன்னதற்கு ஒரு துண்டுச் சீட்டுக்கூட என்னிடம் இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

லயத்து வீடுகளுக்குப் புதிய மின்சாரம் வந்தது. எல்லா வீட்டிலும் விளக்கு பளிச்சென்று எரிகிறது. அரிசி களைந்துகொண்டிருந்தபோது வந்தது. அணைத்துவிட்டு மெழுகுவத்தியில் சமைத்தேன். மேகலா ஏன் என்று கேட்டாள். கண் கூசுகிறது என்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

எங்கள் நாட்டுச் சுதந்திர தினம். லீவு. வீட்டுக்காரர் லாரியைக் கழுவி முடித்துத் தேநீர் குடிக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பெயர் சந்திரபாலன், இதுவரை இந்த டைரியில் எழுதவேயில்லை. அமிர்தலிங்கம் அவருக்குப் பந்து விளையாட்டுக் கூட்டாளி.

கேட்டு முடித்தார். பிறகு, இந்த வீடு மில் வீடு என்றார். தெரியும் என்றேன். பிள்ளைக்கு நவம்பரில் பரீட்சை என்றார். அதுவும் தெரியும்.

"பரீட்சை முடியட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

"பதினேழாம் தேதி முடியட்டும்னுதான் நானும் இருந்தேன்" என்றேன்.

அவர் தேநீரைக் கீழே ஊற்றிவிட்டு எழுந்து போனார். கோபம் என் மேலா, மில் மேலா என்று தெரியவில்லை. இருட்டும்வரை திடல் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

செப்டம்பர் 2, செவ்வாய்

இதுவரை எழுதாததை எழுதுகிறேன்.

அன்று விருந்தாளிகள் என் மேசைக்கு எதிரே நின்றார்கள். ஒருவர் லேப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். காலை பத்து மணிக்கு நேரே நான் ஏழு என்று எழுதியிருந்தேன். மேனேஜர் வாசலில். ஹரிதாஸ் எனக்குப் பக்கத்தில். அப்போது அமிர்தலிங்கம் கூப்பிட்டார். குழியில் வாடை அடிக்கிறது, ரீடிங் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி. ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல்.

ஹரிதாஸ் என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார். சுவரில் நான் மாட்டிய காலண்டர் இருந்தது. அதற்குப் பின்னால் செத்த திரை.

நான் ஏழு என்று சொன்னேன்.

மீட்டர் வேலை செய்யவில்லை, இறங்காதீர்கள். நாலு வார்த்தை. தமிழில் சொல்லியிருந்தால் அங்கே நின்ற விருந்தாளிகளுக்குப் புரிந்துகூட இருக்காது. மேனேஜருக்கும் புரிந்திருக்காது. ஹரிதாஸ் ஒருவருக்குத்தான் புரிந்திருக்கும், அவர் என்னை அடித்துவிடவா போகிறார்? இது எனக்கு அன்று சாயங்காலம்தான் தோன்றியது. அதிலிருந்து தினமும் தோன்றுகிறது.

செப்டம்பர் 4, வியாழன்

மலர் வீட்டுக்குப் போனேன். கவிநிலா பள்ளிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனேன். மலர் அவருடைய சட்டைகளை மடித்து ஒரு பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். கிள்ளானில் அக்கா வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருக்கிறாள்.

நின்றுகொண்டே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது. மீட்டர் இரண்டு வாரமாகச் செத்துக் கிடந்தது, நான் பொய் எழுதினேன், அவர் கேட்டார், நான் ஏழு என்றேன், அதை நம்பித்தான் பாயை இறங்கவிட்டார். அதிகாரியிடமும் மறைத்தேன். இப்போது போய்ச் சொல்லப்போகிறேன். பலகையில் இருப்பதெல்லாம் பொய், அவர் மேல் தூசி அளவு தப்புக்கூட இல்லை. எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன்.

அவள் கத்துவாள் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் போனேன். அவள் ஒரு சட்டையின் கையை நீவிவிட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப பாப்பாவப் பத்தி அவரு ஒண்ணும் சொல்லலியா?"

இல்லை என்றேன்.

"சந்தை? சைக்கிள்?"

"அது நானாச் சொன்னது மலர்."

அவள் முகத்தைப் பார்த்தேன். பதினேழாம் தேதி புல்வெளியில்கூட அந்த முகத்தை அப்படிப் பார்க்கவில்லை. மீட்டரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. எழுந்து வந்து கதவைத் திறந்து பிடித்தாள். நான் வெளியே வந்தேன். மெதுவாகச் சாத்தினாள்.

செப்டம்பர் 5, வெள்ளி

அதிகாரிக்குப் போன் செய்தேன். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்.

செப்டம்பர் 7, ஞாயிறு

மேகலாவிடம் சொன்னேன். பரீட்சை நேரத்தில் வீடு மாற வேண்டியிருக்கும் என்றும் சொன்னேன். அவள் அழுதாள். எதற்கு அழுதாள் என்று நான் கேட்கவில்லை. பிறகு என் நீலப் புடவையை அவளே இஸ்திரி போட்டுவைத்தாள்.

செப்டம்பர் 8, திங்கள்

சந்திரபாலன் ஒரு நாள் லோடு எடுக்காமல் என்னைப் பட்டணத்துக்குக் கூட்டிப்போனார். அலுவலக வாசலில் இறக்கிவிட்டு, முடிந்ததும் கூப்பிடு, நான் இங்கேயேதான் இருப்பேன் என்றார்.

வாக்குமூலம் கொடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. அதிகாரி முதல்தடவை போல மரியாதையாகத்தான் இருந்தார், ஆனால் என் கையெழுத்தைப் பற்றி இந்தமுறை ஒன்றும் சொல்லவில்லை. பொய்ப் பதிவு செய்ததற்கும் விசாரணையில் மறைத்ததற்கும் என் மேல் வழக்கு வரலாம், தெரியுமா என்றார். தெரியும் என்றேன். எழுதச் சொன்னவர் மறுத்தால் உங்கள் வார்த்தைதான் ஒரே சாட்சி என்றார். அதுவும் தெரியும். நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தால் அவர் இறங்கியிருப்பாரா என்று கடைசியாகக் கேட்டார். மாட்டார் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். என் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டேன். லோகநாயகி. ஒவ்வொரு எழுத்தும் ஒவ்வொரு பக்கம் சாய்ந்து நின்றது.

வெளியே வந்தால் நடைவழி பெஞ்சில் மலர் உட்கார்ந்திருந்தாள். அவளையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். கிள்ளான் அக்கா கூட வந்திருந்தாள், தண்ணீர் வாங்கப் போயிருந்தாள். வேறு இடம் இல்லை. ஒரு ஆள் இடம் விட்டு நானும் உட்கார்ந்தேன். போய்விடு என்று சொல்வாள் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"நெசமா என்ன சொன்னாரு? அவரு சொன்ன மாதிரியே சொல்லுங்க. கூட ஒண்ணும் சேக்காதீங்க."

சொன்னேன். "'அக்கா, குழியில லேசா வாட அடிக்குது. ரீடிங் பாத்துச் சொல்லுங்க'ன்னாரு. நான் 'ஏழு'ன்னேன்."

"அப்புறம்?"

"'சரிக்கா'ன்னாரு."

மலர் தலையைத் திருப்பி முதன்முறையாக என்னைப் பார்த்தாள்.

"சரிக்கான்னா சொன்னாரு?"

"ஆமா."

"எப்பவும் சொல்ற மாதிரியா?"

"எப்பவும் சொல்ற மாதிரிதான்."

மறுபடி சொல்லச் சொன்னாள். மறுபடி முதலிலிருந்து சொன்னேன். மூன்றாவது முறையும் கேட்டாள், சொன்னேன். அவளே அவர் பேசுகிற மாதிரி மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். சரிக்கா. சரிக்கா.

உள்ளிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.